மாட்டைப் பார்த்தோம், சுவரைப் பார்க்கவில்லை
(உண்ணிக் காய்ச்சல் பற்றி ஒரு பாடம்)

வங்கியில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, காங்கயம் பக்கம் அப்பா விட்டுப்போன நாலரை ஏக்கருக்குத் திரும்பி வந்தவன் நான். வந்ததும் முதலில் வாங்கியது ஒரு ஜெர்சி கலப்பு மாடு. செவலை நிறம், அதனால் பேரும் செவலை. இரண்டாவது ஈத்து. இரண்டு வேளையும் சேர்த்துப் பன்னிரண்டு லிட்டர் கறக்கும்.

வைகாசி மாதம் ஒரு நாள் காலையில் தீவனத்தைத் தொடவில்லை. வெயில் தாங்காமல் இருக்கும் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் உடம்பு அனலாகக் கொதிக்கிறது. அப்போது நான் இயற்கை வேளாண்மைக்குப் புதுசு. புதுசாகச் சேர்ந்தவனுக்கு வைராக்கியம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். ஊசி, ரசாயனம் எதுவும் என் கொட்டகைக்குள் வரக்கூடாது என்று இருந்தேன். மிளகு, சீரகம், வெற்றிலை, நிலவேம்பு எல்லாம் அரைத்து உருண்டை பிடித்து மூன்று நாள் கொடுத்தேன். நான்காம் நாள் மூச்சு இளைத்தது. தோள்பட்டைக்கு முன்னால் எலுமிச்சம்பழம் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் காது நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவினார். கண் இமையை விலக்கிப் பார்த்தார், வெளுத்துப் போயிருந்தது. "முதல் நாளே கூப்பிட்டிருக்கலாமேங்க சார்" என்றார். ஊசி போட்டார். ஆறாம் நாள் செவலை போய்விட்டது.

குழி வெட்டிப் புதைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துத் தோட்டத்து ஆத்தா வந்தார். எண்பது வயதைத் தாண்டியவர், வாழ்நாளெல்லாம் மாட்டோடு இருந்தவர். கொட்டகையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, தெனமும் மாட்டு மேல தேடித் தேடி உண்ணி புடுங்கறீங்க. செவுத்துப் பொந்தப் பாத்தீங்களா?" என்று கேட்டார். வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்து, பழைய கல்சுவரின் இடுக்கில் விட்டு நோண்டினார். உள்ளேயிருந்து கொட்டியது உண்ணி. சின்னது, பெரியது, காய்ந்த தோல், பழுப்பு நிற முட்டைக் குவியல் எல்லாம் இருந்தன.

அந்த ஒரு கேள்விக்குப் பின்னால்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். படித்ததையும் செய்து பார்த்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். என் செவலை கற்றுக்கொடுத்த பாடம் இன்னொருவர் மாட்டைக் காப்பாற்றினால் போதும்.

இதில் எனக்கு ஒரு பழைய கடனும் உண்டு. எண்பதுகளில் ஐ.ஆர்.டி.பி. திட்டத்தில் எத்தனையோ பேருக்குக் கறவை மாட்டுக் கடன் கொடுத்திருக்கிறேன். மாட்டின் விலை, காப்பீடு, காதில் வில்லை எல்லாம் சரிபார்ப்பேன். சில மாதம் கழித்து, "காய்ச்சல் வந்து செத்துப்போச்சுங்க" என்று கையில் காது வில்லையோடு ஒருவர் வந்து நிற்பார். கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போவேன். என்ன காய்ச்சல், எதனால் வந்தது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவர்களில் பாதிப் பேர் வீட்டுக் கொட்டகை, என் கொட்டகை மாதிரியே பொந்து விழுந்த சுவர்தான்.

உழவர்கள் முதலில் சொன்னார்கள்

பூச்சி, உண்ணி போன்றவை ஒரு உயிரிடமிருந்து இன்னொரு உயிருக்கு நோயைக் கடத்தும் என்று இன்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கணுக்காலி ஒன்று பாலூட்டிக்கு நோயைக் கடத்துகிறது என்று முதன்முதலில் நிரூபித்தது மாட்டு உண்ணியை வைத்துத்தான். அந்தக் கதை உழவர்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து மாடுகளை மந்தை மந்தையாக வடக்கே ஓட்டிப் போவார்கள். போகிற மாடுகள் நன்றாகத்தான் இருக்கும். அவை நடந்துபோன வழியில் மேய்ந்த வடநாட்டு மாடுகள் ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்துக் காய்ச்சல் கண்டு, சிவப்பாக மூத்திரம் பெய்து செத்துப்போகும். டெக்சாஸ் காய்ச்சல் என்று பேர் வந்தது. தெற்கத்தி மாட்டை ஊருக்குள் விடமாட்டோம் என்று வடக்கத்தி உழவர்கள் துப்பாக்கியோடு வழிமறித்து நின்றதும் உண்டு.

எதனால் வருகிறது? அந்த மாடுகளின் சாணம், மூத்திரம், எச்சில் பட்ட புல்லால் வருகிறது என்று படித்தவர்கள் பலர் சொன்னார்கள். மாட்டுக்காரர்களோ, "உண்ணிதான் காரணம்" என்றார்கள். பெரும்பாலான அறிஞர்கள் அதைக் காதில் வாங்கவில்லை.

தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன், கூப்பர் கர்ட்டிஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் மாட்டுக்காரர் பேச்சை மதித்தார்கள். 1889 கோடையில் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் வேலி போட்ட தனித்தனி நிலங்களில் சோதனை வைத்தார்கள். ஒரு நிலத்தில் உண்ணியோடு வந்த தெற்கத்தி மாடுகளும் ஆரோக்கியமான வடக்கத்தி மாடுகளும். இன்னொன்றில் அதே தெற்கத்தி மாடுகள், ஆனால் கையாலேயே ஒவ்வொரு உண்ணியாகப் பொறுக்கி எடுத்த பிறகு. மற்றொன்றில் தெற்கத்தி மாடே கிடையாது, உண்ணியை மட்டும் புல்லில் தூவிவிட்டார்கள். உண்ணி இருந்த நிலங்களில் வடக்கத்தி மாடுகள் காய்ச்சலில் விழுந்தன. உண்ணி பொறுக்கிய மாடுகளோடு இருந்தவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருடம் இன்னும் ஒரு படி போனார்கள். உண்ணி முட்டையை ஆய்வகத்தில் பொரிக்க வைத்து, அந்தக் குஞ்சுகளை நல்ல மாட்டின் மேல் விட்டார்கள். காய்ச்சல் வந்தது. தாய் உண்ணி குடித்த நோய், முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்று தெரிந்தது. ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி ஏன் என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. உதிர்ந்த உண்ணி முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, புல்லில் ஏறிக் காத்திருந்து அடுத்த மாட்டைப் பிடிக்க அவ்வளவு நாள் ஆகிறது.

1893-இல் இதை வெளியிட்டார்கள். நம் செகந்திராபாதில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது அதற்கு நான்கு வருடம் கழித்து, 1897-இல்.

இந்தக் கதையில் எனக்கு இரண்டு பாடம். உழவர் சொல்லை ஒதுக்கக் கூடாது என்பது ஒன்று. அந்தச் சொல்லை அப்படியே நம்பிவிடாமல், மூன்று வேலி போட்டுச் சோதித்துத்தான் உண்மையாக்கினார்கள் என்பது இன்னொன்று. நாம் முதல் பாடத்தை மேடையில் சொல்கிறோம். இரண்டாவதை வசதியாக மறந்துவிடுகிறோம்.

நம் ஊரில் இரண்டு உண்ணி

நம் மாடுகளில் முக்கியமாக இரண்டு வகை. இரண்டுக்கும் வாழ்க்கை முறை வேறு. அது தெரியாமல் எந்த மருந்து அடித்தாலும் வீண்.

முதலாவது ரைபிசெபாலஸ் மைக்ரோபிளஸ். இது ஒரே மாட்டில் வாழ்கிற உண்ணி. பொடிக் குஞ்சாக, ஆறு காலோடு புல் நுனியில் காத்திருக்கும். மாடு உரசினால் தொற்றிக்கொள்ளும். அதே மாட்டின் மேலேயே இரண்டு தடவை தோல் உரித்து, பெரிதாகி, ரத்தம் குடித்துப் புடைத்து, மூன்று வாரத்தில் கீழே விழும். விழுந்த ஒரு பெண் உண்ணி இரண்டாயிரம், மூவாயிரம் முட்டை இட்டுவிட்டுச் செத்துப்போகும். வெயில் காலத்தில் மூன்று, நான்கு வாரத்தில் முட்டை பொரியும். குஞ்சு ஒன்றும் தின்னாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். டெக்சாஸ் காய்ச்சலைக் கடத்தியது இதன் நெருங்கிய உறவு.

இரண்டாவது ஹயலோமா அனடோலிகம். இது கொஞ்சம் பெரியது, வேகமாக ஓடும். இதுதான் கொட்டகை உண்ணி. குஞ்சாக மாட்டில் ஏறிக் குடித்து, இறங்கிப்போய்ச் சுவர் இடுக்கில் ஒளிந்து தோல் உரிக்கும். மறுபடி ஏறும், குடிக்கும், இறங்கும். ஆத்தா நோண்டியது இதைத்தான். மடி, வால் அடி, பின்தொடை இடுக்கில் பெரியவை இருக்கும். காது, கழுத்தில் பொடிசுகள் இருக்கும்.

வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், மாட்டின் மேல் நாம் பார்க்கிற உண்ணி வெறும் வட்டி. அசல் சுவரிலும் தரையிலும் புல்லிலும் இருக்கிறது. வட்டியை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் கடன் என்றைக்கும் தீராது.

மூன்று காய்ச்சல்

அடையாளம் தெரிந்தால்தான் நேரத்தைத் தவற விடமாட்டோம்.

தைலேரியா: ஹயலோமா கடத்துவது. என் செவலையைக் கொன்றது இதுதான். கிருமி முதலில் வெள்ளை அணுவில் புகுந்து பெருகும், அதனால் நெறி கட்டும். பிறகு சிவப்பணுவுக்குப் போகும், அதனால் ரத்தம் வற்றும். 104-லிருந்து 107 டிகிரி வரை காய்ச்சல், தோள்பட்டைக்கு முன்னால் நெறி, மூச்சு இளைப்பு, கண்ணில் நீர், பால் ஒரேயடியாகக் குறைவது எல்லாம் அடையாளம். கலப்பினக் கன்றுகளுக்கு வந்தால் சில சமயம் கண் பிதுங்கி நிற்கும்.

பேபீசியா: மைக்ரோபிளஸ் கடத்துவது. டெக்சாஸ் காய்ச்சல் என்றது இதைத்தான். சிவப்பணு உடைந்து, மூத்திரம் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் போகும். கடுமையான காய்ச்சல்.

அனாபிளாஸ்மா: இதையும் மைக்ரோபிளஸ் கடத்தும். ரத்தம் குடிக்கும் பெரிய ஈக்களும் கடத்தும். ஒரே ஊசியைப் பல மாட்டுக்குப் போட்டால் அதுவும் கடத்தும். உடம்பு வெளுத்து, பிறகு மஞ்சள் பாய்ந்து, சாணி இறுகிப்போகும். மூத்திரம் சிவக்காது.

மூன்றும் கலந்தும் வரும். வெறும் கண்ணால் முடிவு செய்ய முடியாது. ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். தைலேரியா என்று சந்தேகம் இருந்தால் நெறியிலிருந்து ஊசியால் நீர் எடுத்தும் பார்ப்பார்கள். மாவட்டந்தோறும் அரசின் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

நாட்டு மாட்டுக்கு வராதா?

நம் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிற பேச்சு: "நாட்டு மாட்டுக்கு இதெல்லாம் வராதுங்க." பாதி உண்மை.

திமில் உள்ள மாடுகளுக்கு உண்ணியை எதிர்க்கும் சக்தி அதிகம் என்பது ஆய்வில் உறுதியான விஷயம். ஒரே புல்லில் மேய்ந்தாலும் அவற்றின் மேல் தங்கி வளர்கிற உண்ணி குறைவு. நம் நாட்டு ஓங்கோல், கிர் போன்ற மாடுகளின் ரத்தத்தில் உருவானதுதான் அமெரிக்காவின் பிராமன் மாடு. ஆஸ்திரேலியாவின் வெப்பமான வடபகுதியில் உண்ணியைத் தாங்க முடியாமல் ஐரோப்பிய மாடுகள் திணறியபோது, அவர்கள் பிராமனோடுதான் கலந்தார்கள். நம் மாட்டின் அருமை வெளியே தெரிந்திருக்கிறது.

மீதிப் பாதியையும் கேளுங்கள். நாட்டு மாட்டுக்கும் கிருமி தொற்றும். பெரும்பாலும் லேசான காய்ச்சலோடு போய்விடும். ஆனால் கிருமி அதன் ரத்தத்தில் சத்தமில்லாமல் தங்கிவிடும். பார்க்க நன்றாக இருக்கும் அந்த மாட்டைக் கடித்த உண்ணி, பக்கத்தில் கட்டிய கலப்பின மாட்டை அடுத்துக் கடித்தால் கதை முடிந்தது. நான் செவலைக்கு இரண்டு மாதம் முன்பு சந்தையில் ஒரு நாட்டு மாடு வாங்கி, அன்றைக்கே பக்கத்தில் கட்டினேன். அதிலிருந்துதான் வந்ததா என்று இன்று நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த வாய்ப்பை உண்டாக்கியவன் நான்தான்.

இன்னொரு நுட்பமான விஷயமும் உண்டு. பேபீசியா விஷயத்தில் கன்றுகளுக்கு முதல் சில மாதங்கள் இயற்கையாகவே பாதுகாப்பு இருக்கிறது. அந்த வயதில் லேசாகத் தொற்றினால் பெரிய ஆபத்தில்லாமல் எதிர்ப்பு சக்தி வந்துவிடும். உண்ணியே பார்க்காமல் வளர்ந்த மாடு பெரிதான பிறகு உண்ணி உள்ள ஊருக்குப் போனால்தான் ஆபத்து. டெக்சாஸ் மாடு நன்றாக இருந்ததும் வடக்கத்தி மாடு செத்ததும் இதனால்தான். எனவே நம் இலக்கு, கடைசி உண்ணி வரை கொன்று ஒழிப்பது அல்ல, கணக்கைக் கைக்குள் வைத்திருப்பது. ஆனால் தைலேரியாவுக்கு இந்தச் சலுகையை நம்பக் கூடாது. கலப்பினக் கன்று அதில் செத்துப்போகும்.

மருந்து ஏன் தோற்கிறது

அமெரிக்கர்கள் 1906-லிருந்து 1943 வரை மாடுகளை ஆர்சனிக் தொட்டியில் முக்கி எடுத்து, மெக்சிகோ எல்லையோரம் ஒரு பட்டை நீங்கலாக அந்த உண்ணியை ஒழித்தார்கள். அந்தத் தொட்டிகள் இருந்த இடங்களில் மண்ணில் ஆர்சனிக் இன்னமும் கிடக்கிறது. ஆஸ்திரேலியாவில் உண்ணி ஒவ்வொரு மருந்தாகத் தாண்டிப் போனது. ஆர்சனிக்கைத் தாண்டியது, டிடிடியைத் தாண்டியது, பிறகு ஆர்கனோபாஸ்பேட், பிறகு பைரித்ராய்டு. நம் நாட்டிலும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் மருந்துகளுக்கு எதிர்ப்பு பெற்ற உண்ணி பல மாநிலங்களில் பதிவாகியிருக்கிறது. காரணம் நம் வயலில் பார்த்ததேதான். அளவு குறைத்துக் கலப்பது, அடிக்கடி அடிப்பது, பிழைத்த சில உண்ணிகள் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் பெருகுவது.

ஐவர்மெக்டின் ஊசி பற்றியும் ஒரு வார்த்தை. அது சாணத்தில் வெளியேறி, சாணத்தில் வாழும் வண்டுகளையும் புழுக்களையும் பாதிக்கும். சாணத்தை நம்பி மண்ணை வளர்க்கிற நமக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நாம் செய்ய வேண்டியது

1. சுவர். முதல் வேலை இதுதான். கொட்டகைச் சுவரின் பொந்து, வெடிப்பு எல்லாவற்றையும் உள்ளும் புறமும் மண்ணோ சிமெண்டோ வைத்துப் பூசி அடையுங்கள். சுண்ணாம்பு அடியுங்கள். வட ஆப்பிரிக்காவின் துனீசியாவில் இதே தைலேரியாவுக்கு ஆய்வாளர்கள் சொன்ன வழியும், கொட்டகைச் சுவரை இடுக்கில்லாமல் பூசுவதுதான். முளைக்குச்சி, தீவனத்தொட்டி அடி, பழைய மரச்சட்டம், மூலையில் குவித்த சாக்கு எல்லாம் உண்ணி வீடுதான். குப்பையைக் கூட்டி வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். கொட்டகைக்குள் நெருப்புக் காட்டும் வேலை வேண்டாம்.

2. கை. தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் பொறுக்குங்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. தைலேரியாக் கிருமி உண்ணியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் முற்றுவதற்கு, உண்ணி கடித்து உட்கார்ந்த பிறகு இரண்டு, மூன்று நாள் ஆகும். அதற்குள் எடுத்துவிட்டால் ஆபத்து பெரிதும் குறைகிறது. வாரம் ஒருநாள் மொத்தமாகப் பொறுக்குவதைவிட, தினம் பத்து நிமிடம் மேல். பொறுக்கியதைச் சோப்புத் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போடுங்கள். கையால் நசுக்காதீர்கள். ஹயலோமா வகை உண்ணிகள் மனிதருக்குக் கொடிய ரத்தக்கசிவுக் காய்ச்சலையும் கடத்தக்கூடியவை. 2011-இல் குஜராத்தில் அந்தக் காய்ச்சல் உயிரைப் பறித்தது. பழைய கையுறை ஒன்று போதும்.

3. மேய்ச்சல். நம் காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டைப் பாருங்கள். கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் வளர்த்து, பாகம் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பார்கள். புல் தழைக்கத்தான் அந்த ஓய்வு. ஆனால் அந்த ஓய்வில் புல் நுனியில் காத்திருக்கிற உண்ணிக் குஞ்சும் பட்டினியில் சாகும். வெயில் காலத்தில் சீக்கிரம் சாகும், மழை, பனிக் காலத்தில் தாமதமாகும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மேய்ச்சல் நிலத்துக்கு மாதக்கணக்கில் ஓய்வு கொடுக்கச் சொன்னது இதே கணக்கில்தான். கொறங்காட்டை விற்றுவிட்டு வருடம் பூரா ஒரே துண்டில் மாட்டை விட்டால், உண்ணிக்கு நாமே பந்தி வைக்கிறோம்.

4. புது மாடு. சந்தையில் வாங்கிய மாட்டை மூன்று வாரம் தள்ளிக் கட்டுங்கள். மைக்ரோபிளஸ் மாட்டின் மேல் இருக்கும் காலம் மூன்று வாரம் என்று மேலே சொன்னேன். பொறுக்கியது போக மீதி அந்த இடத்திலேயே உதிரும். அந்த இடத்தைக் கூட்டி எரித்துவிட்டுப் பிறகு கொட்டகைக்குக் கொண்டுவரலாம்.

5. கோழி. கொட்டகையைச் சுற்றி நாட்டுக்கோழி நாலு மேயட்டும். கோழி உண்ணியைக் கொத்தித் தின்பதைக் கென்யாவில் ஆய்வாகவே செய்து, கோழியின் இரைப்பையில் உண்ணியை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

6. மூலிகைக் கரைசல். தேசிய பால்வள வாரியம் பரிந்துரைக்கும் மரபுவழி மருத்துவக் குறிப்பு இது: பூண்டு 10 பல், வேப்பிலை ஒரு கைப்பிடி, வேப்பம்பழம் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், உண்ணிச்செடி இலை ஒரு கைப்பிடி, துளசி ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் அரைத்து 1 லிட்டர் தண்ணீரில் கலந்து, துணியில் வடிகட்டி, வெயில் நேரத்தில் உடம்பு முழுக்கத் தெளிக்க வேண்டும் அல்லது துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். கொட்டகை இடுக்கிலும் அடிக்க வேண்டும். வாரம் ஒருமுறை, உண்ணி அடங்கும் வரை. ஒரு எச்சரிக்கை: உண்ணிச்செடி இலையை மாடு தின்றால் ஈரல் கெடும். அரைத்த சக்கையைத் தீவனத்தொட்டிப் பக்கம் கொட்டாதீர்கள், கரைசல் காயும் வரை மாட்டை நக்க விடாதீர்கள்.

டப்பாச் சோதனை

ஸ்மித் மூன்று வேலி போட்டார். நமக்கு இரண்டு டப்பா போதும். இசத்நகர் இந்திய கால்நடை ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் வேம்பு, சீத்தா முதலிய தாவரச் சாறுகளை, புடைத்த பெண் உண்ணியை முக்கி எடுத்துத்தான் சோதிக்கிறார்கள். அதன் எளிய வடிவம் இது.

நன்றாகப் புடைத்த உண்ணி இருபது, சேதமில்லாமல் எடுங்கள். பத்தை உங்கள் கரைசலிலும் பத்தை வெறும் தண்ணீரிலும் இரண்டு நிமிடம் முக்கி, காகிதத்தில் ஒற்றி, மூடியில் ஊசித்துளை போட்ட தனித்தனி டப்பாவில் நிழலில் வையுங்கள். பதினைந்து நாள் கழித்து எத்தனை செத்தன, எத்தனை முட்டையிட்டன என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். முடிந்ததும் கொதிநீர் ஊற்றிவிடுங்கள்.

நான் பெருமையாக எல்லோருக்கும் சொல்லிவந்த ஒரு கோமியக் கரைசலை இப்படிச் சோதித்தேன். தண்ணீரில் முக்கியதில் ஒன்பது முட்டையிட்டன. என் கரைசலில் முக்கியதில் எட்டு. அன்றோடு அதைச் சொல்வதை நிறுத்திவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வாராக்கடனை நல்ல கடன் என்று எழுதுகிறவன் நல்ல கணக்கன் இல்லை.

கடைகளில் விற்கிற மெட்டாரைசியம் பூஞ்சை, தென்னையில் காண்டாமிருக வண்டுக்குப் போடுகிறோமே, அதையும் உண்ணிக்குச் சோதித்து வருகிறார்கள். ஆய்வகத்தில் நன்றாகக் கொல்கிறது. வெயிலிலும் காய்ந்த தோலிலும் அதே அளவு பலன் வருவதில்லை. அதையும் டப்பாவில் பார்த்துவிட்டே நம்புங்கள்.

ஊசி போட வேண்டிய நேரம்

கடைசியாக, இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயம்.

உண்ணியைக் கட்டுப்படுத்த மூலிகை சரி, சுவர்ப்பூச்சு சரி, கோழி சரி. ஆனால் கிருமி ரத்தத்துக்குள் போய்க் காய்ச்சல் 105 ஏறிவிட்டால், அது வேறு நிலைமை. தைலேரியாவுக்கு புபார்வாகுவோன் என்ற ஊசி இருக்கிறது. சீக்கிரம் போட்டால் நன்றாக வேலை செய்யும், நாள் கடந்தால் பலன் குறையும். பேபீசியாவுக்கும் அனாபிளாஸ்மாவுக்கும் தனித்தனி மருந்து உண்டு. எது, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

"ஊசி போட்டால் இயற்கை விவசாயம் கெட்டுப்போகுமே" என்று கேட்பவர்களுக்கு: நம் நாட்டின் தேசிய அங்கக உற்பத்தித் திட்ட விதிகளே, வேறு தகுந்த வழி இல்லாதபோது வழக்கமான மருந்தை அனுமதிக்கின்றன. மாட்டின் நலன்தான் முதலில் என்கின்றன. பாலை விற்காமல் நிறுத்திவைக்கும் நாளை இரண்டு மடங்காக்க வேண்டும், அவ்வளவுதான். விதிக்கே இருக்கிற இரக்கம் அன்றைக்கு எனக்கு இல்லாமல் போனது.

தைலேரியாவுக்குத் தடுப்பூசியும் நம் நாட்டிலேயே தயாராகிறது. உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமி. சினை ஊசிக்கு விந்து வைக்கிற மாதிரி திரவ நைட்ரஜன் குடுவையில் வைக்க வேண்டியது என்பதால் எல்லா மருந்தகத்திலும் கிடைப்பதில்லை. பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் கிடைக்க வாய்ப்பு உண்டு. நம் சங்கங்கள் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை இது. உண்ணியின் குடலையே தாக்கும் தடுப்பூசியை 1990-களில் ஆஸ்திரேலியாவிலும் கியூபாவிலும் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இங்கும் அந்த ஆய்வு நடக்கிறது.

மாட்டுக்காரர் ஒவ்வொருவரும் வீட்டில் ஒரு காய்ச்சல் மானி வையுங்கள். ஆசனவாயில் வைத்துப் பார்ப்பது, விலையும் அதிகமில்லை. தீவனம் தின்னாத அன்றே பாருங்கள். 104 தாண்டினால் தோள்பட்டைக்கு முன்னால் கையை வைத்து நெறி இருக்கிறதா என்று தடவுங்கள். மூத்திர நிறத்தைப் பாருங்கள். அன்றைக்கே போன் போடுங்கள். கஷாயமும் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கஷாயத்தைக் கொடுத்துவிட்டு டாக்டருக்காகக் காத்திருங்கள். கஷாயத்துக்காக டாக்டரைக் காக்க வைக்காதீர்கள்.

இன்று என் கொட்டகையில் இரண்டு காங்கயம் மாடும் ஒரு கலப்பினமும் நிற்கின்றன. சுவர் வழவழவென்று பூசியிருக்கிறது. உண்ணி அடியோடு போய்விடவில்லை. தினம் காலையில் பத்து நிமிடம் பொறுக்குகிறேன், எண்ணிக்கையைக் காலண்டரில் குறிக்கிறேன். மழை முடிந்ததும் கூடும், சித்திரையில் குறையும். ஆத்தா இப்போது இல்லை. அவர் ஒடித்த வேப்பங்குச்சியின் நீளத்துக்கு ஒரு இரும்புக் கம்பி செய்து, கொட்டகை வாசலில் மாட்டி வைத்திருக்கிறேன். வாரம் ஒருநாள் அதை எடுத்துச் சுவரைச் சுற்றி வருவேன். நீங்களும் நாளைக் காலை பால் கறந்த பிறகு, ஒரு குச்சியோடு உங்கள் கொட்டகைச் சுவரை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். என்ன கொட்டுகிறது என்று எழுதுங்கள்.